பெண்ணுருவில் ஒரு நாற்காலி, காலில் ஒரு குண்டு: கயெதானோ பெஷேயின் ‘அப் 5’

இத்தாலிய நாற்காலிகளைப் பற்றி இணையத்தில் கொஞ்சம் தேடினாலே ஒரு படம் மறுபடி மறுபடி வந்து நிற்கும். காலே இல்லாத, உருண்டு திரண்ட ஒரு பெரிய சாய்வு நாற்காலி. பெரும்பாலும் சிவப்பு நிறம், இல்லைன்னா பட்டை போட்ட துணி. பக்கத்தில் ஒரு பெரிய பந்து. அந்தப் பந்தை ஒரு கயிறு நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருக்கும்.

முதலில் பார்க்கும்போது குழந்தைகள் விளையாடும் அறைக்குச் செய்தது மாதிரி இருக்கும். இன்னொரு தடவை பாருங்கள். மேலே இரண்டு பெரிய உருண்டைகள், அவை மார்புகள். கீழே இரு பக்கமும் தொடைகள். நடுவில் நாம் உட்காரும் இடம் மடி. இது ஒரு பெண்ணின் உடல். தலை மட்டும் இல்லை. அப்படியென்றால் கயிற்றில் கட்டிய அந்தப் பந்து? பழைய காலத்தில் கைதிகள் ஓடிவிடாமல் இருக்கக் காலில் சங்கிலி போட்டு இரும்புக் குண்டு கட்டுவார்களே, அதுதான்.

நாற்காலியின் பெயர் ‘அப் 5’, பந்தின் பெயர் ‘அப் 6’. ‘டோன்னா’ (பெண்), ‘லா மாம்மா’ (அம்மா) என்று செல்லப்பெயர்களும் உண்டு. 1969இல் வெளிவந்தது. செய்தவர் கயெதானோ பெஷே. பெண்கள் ஆண்களின் முன்முடிவுகளுக்குள் கைதிகளாக இருக்கிறார்கள், அதைத்தான் இந்த நாற்காலியில் காட்டினேன் என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

சரி. பெண் கைதியாக இருக்கிறாள் என்று சொல்ல ஒருவர் பெண்ணின் உடலையே நாற்காலியாகச் செய்கிறார். அதன்மேல் நாம் சாய்ந்து உட்கார வேண்டும். இது நியாயமா? எனக்கு இந்த நாற்காலியில் ஆர்வம் வந்ததே இந்தக் கேள்வியால்தான். தேடிப் போனால் உள்ளே ஒரு பொறியியல் கதையும் இருக்கிறது. இணையத்தில் பலரும் திருப்பித் திருப்பிச் சொல்லும், காலவரிசைக்கு ஒத்தே வராத ஒரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த பெஷே?

பெஷே என்றால் இத்தாலிய மொழியில் மீன். (பிற்காலத்தில், 1990களில், பிசின் பாத்திரங்கள் செய்ய அவர் தொடங்கிய முயற்சிக்கு ‘ஃபிஷ் டிசைன்’ என்று பெயர் வைத்தது இதனால்தான்.) 1939இல் லா ஸ்பெட்ஸியா என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். கடற்படைத் தளம் உள்ள ஊர். கைக்குழந்தையாக இருக்கும்போதே போரில் அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு அவரை வளர்த்தவர்கள் பெண்கள். வெனிஸில் கட்டடக்கலை படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியர்களாக இருந்தவர்களில் ஒருவர் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் கார்லோ ஸ்கார்பா.

அந்தக் காலத்தில் நவீன வடிவமைப்பு என்றால் ஒரே இலக்கணம்தான். நேர்கோடு, சுத்தமான வடிவம், தேவைக்கு மேல் எதுவும் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஆயிரம் பொருளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். பெஷேக்கு இது ஒத்துவரவில்லை. மனிதர்கள் ஒன்றுபோல் இல்லை, பொருள் மட்டும் ஏன் ஒன்றுபோல் இருக்கணும் என்பது அவர் கேள்வி. வாழ்க்கை முழுக்க இதே கேள்வியோடுதான் வேலை செய்தார். ஒரே அச்சில் வார்த்தாலும் பிசினின் கலவை, நிறம், கெட்டித்தன்மை மாறி மாறி ஒவ்வொரு நாற்காலியும் வேறு வேறாக வரும்படி விட்டுவிடுவார். 1984இல் செய்த ‘பிராட்’ நாற்காலிகள் இந்த வகை. 2022 செப்டம்பரில் மிலானில் போட்டெகா வெனெட்டா நிறுவனத்தின் ஆடைக் காட்சிக்கு 400 நாற்காலிகள் செய்து கொடுத்தபோது அவருக்கு வயது 82. அந்த 400இல் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

1980களில் நியூயார்க்குக்குக் குடிபோய் அங்கேயே வாழ்ந்து, 2024 ஏப்ரலில் 84ஆவது வயதில் காலமானார். இவ்வளவு செய்தவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் முப்பது வயதில் செய்த இந்த ஒரு நாற்காலியை வைத்துத்தான்.

குளியலறை ஸ்பாஞ்சிலிருந்து ஒரு யோசனை

இந்த நாற்காலிக்கான பொறி எங்கே கிடைத்தது என்று பெஷே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குளிக்கும்போது கையில் இருந்த ஸ்பாஞ்சை அழுத்தினார். சுருங்கியது. விட்டார். பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. இதையே ஒரு நாற்காலி அளவுக்குச் செய்தால் என்ன?

இதை நடத்திக்காட்டச் சரியான ஆள் கிடைத்தார்கள். பெயர்பெற்ற மரச்சாமான் நிறுவனத்தின் செசாரே கசீனாவும், பியரோ புஸ்னெல்லி என்ற தொழிலதிபரும் சேர்ந்து 1966இல் ‘சி அண்ட் பி இத்தாலியா’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். மிலானுக்கு வடக்கே, கோமோ மாவட்டத்தில் நொவெத்ராத்தே என்ற சிற்றூரில் தொழிற்சாலை. புஸ்னெல்லியின் பலம் பாலியூரித்தேன் நுரை. அதுவரை ஒரு சோஃபா என்றால் மரச்சட்டம் அடித்து, ஸ்பிரிங் போட்டு, பஞ்சோ குதிரைமயிரோ அடைத்து, மேலே துணி தைப்பது. முழுக்க ஆசாரி, தையல்காரர் வேலை. புஸ்னெல்லி அதை அச்சு வார்க்கும் வேலையாக மாற்றப் பார்த்தார். அச்சுக்குள் திரவத்தை ஊற்றினால் சோஃபாவின் உடம்பு வெளியே வரணும்.

பாலியூரித்தேன் நுரை எப்படி உண்டாகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலியால், ஐசோசயனேட் என்று இரண்டு திரவங்கள். இரண்டையும் கலந்தால் வேதிவினை நடந்து கெட்டியாகும், சூடும் வரும். கெட்டியாகும் நேரத்தில் உள்ளே குமிழிகள் உருவாக வேண்டும். இல்லாவிட்டால் அது நுரை கிடையாது, வெறும் பிளாஸ்டிக் கட்டி. நம் இட்லி மாவு புளிக்கும்போது உள்ளே உண்டாகும் வாயுதான் இட்லியை மெத்தென்று ஆக்குகிறது. அதே மாதிரி இங்கேயும் ஒரு வாயு வேணும். அந்த வேலைக்கு அன்று பரவலாகப் பயன்பட்டது ஃப்ரியான் என்ற வணிகப் பெயரில் விற்ற சிஎஃப்சி வகைச் சேர்மங்கள். அவற்றில் சில அறை வெப்பநிலையை ஒட்டியே கொதிக்கும். வேதிவினையின் சூட்டிலேயே ஆவியாகி, குமிழிகளை ஊதிவிடும். ‘அப்’ வரிசைக்குப் பயன்பட்டதும் ஃப்ரியான்தான்.

இப்போது ஸ்பாஞ்சுக்கு வருவோம். நாற்காலிக்குள் சட்டம் இல்லை, ஸ்பிரிங் இல்லை, ஆணி இல்லை. முழுக்க நுரை, மேலே இழுத்தால் நீளும் நைலான் ஜெர்ஸி துணி. அதனால் முழு நாற்காலியையும் அழுத்தித் தட்டையாக்கலாம். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, பழைய கனஅளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்து, பிவிசி உறைக்குள் காற்றுப் புகாமல் மூடினார்கள். ஒன்றேகால் மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள நாற்காலி, தட்டையான ஒரு அப்பளம் மாதிரி பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

அதைத் தட்டையாகப் பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? வெளியே இருக்கும் காற்று. ஒரு சதுர மீட்டர் பரப்பை வளிமண்டலம் சுமார் 10 டன் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. நமக்கு அது தெரிவதில்லை, ஏன்னா உள்ளேயும் வெளியேயும் சம அழுத்தம். உறைக்குள் காற்றை எடுத்துவிட்டால் அந்த 10 டன்னும் நாற்காலியின் தலையில். உறையைக் கிழித்தால் உள்ளே காற்று புகும், நுரையின் மீள்தன்மை அதைத் தூக்கிவிடும். வாங்கியவர் வீட்டுக் கூடத்தில், அவர் கண்முன்னால், ஒரு பெண்ணுருவம் மெல்ல எழுந்து உட்காரும்.

ஆன்லைனில் மெத்தை வாங்கினால் இன்று சுருட்டி ஒரு பெட்டிக்குள் வருகிறதே, பிரித்ததும் ‘உஸ்’ என்று எழும்புகிறதே, அடிப்படை அதேதான். என்னைப் போல மென்பொருள் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ‘ஜிப்’ செய்து அனுப்பிய கோப்பு. ஒரே வித்தியாசம், இதை ஒருமுறைதான் பிரிக்கலாம். வீட்டில் வைத்துத் திரும்பச் சுருக்க முடியாது.

பெஷேக்கு இது போக்குவரத்துச் செலவை மிச்சம் பிடிக்கும் உத்தி மட்டும் கிடையாது. 1960களின் கலை உலகில் ‘ஹாப்பனிங்’ என்று ஒரு போக்கு இருந்தது. பார்வையாளர் முன்னால் நடக்கும் நிகழ்வே கலைப்படைப்பு. நாற்காலி வாங்குவதையும் அப்படி ஒரு நிகழ்வாக மாற்றினார். ‘அப்’ என்ற பெயரே அதற்குத்தான். எழும்பும் நாற்காலி. கடையிலிருந்து ஒரு சாமான் வீட்டுக்கு வரவில்லை, வீட்டில் ஒன்று பிறக்கிறது. அது ஒரு பெண்ணுடல் என்பதையும் சேர்த்து யோசித்தால் அவர் எவ்வளவு தூரம் திட்டமிட்டிருக்கிறார் என்பது புரியும். வடிவத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஆதிகால வளமைத் தெய்வச் சிலைகளை. ஆஸ்திரியாவில் 1908இல் கிடைத்த வில்லண்டார்ஃப் சிலையின் படத்தைப் பாருங்கள். 11 செ.மீ. உயரம்தான், ஆனால் அதே பெருத்த மார்பும் தொடையும். முகம் மட்டும் கிடையாது.

1969இல் இத்தாலியப் பெண்

காலில் குண்டு என்று கேட்கும்போது கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஐரோப்பாவில், அதுவும் 1969இல், அவ்வளவு மோசமாவா இருந்தது? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் அன்றைய இத்தாலியச் சட்டங்களைத் தேடிப் படித்தேன்.

திருமணத்தை மீறிய உறவு வைத்தால் மனைவிக்கு ஓராண்டு வரை சிறை. கணவன் அதையே செய்தால் குற்றமில்லை. இன்னொரு பெண்ணை வீட்டிலேயோ ஊரறியவோ குடிவைத்துக்கொண்டால்தான் குற்றம். மனைவிக்கு எதிரான இந்தச் சட்டத்தை அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது 1968 டிசம்பரில். அதாவது நாற்காலி வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு.

விவாகரத்து 1969இல் இல்லவே இல்லை. 1970 டிசம்பரில்தான் சட்டம் வந்தது. அதையும் நீக்கச் சொல்லி 1974இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 சதவீதம் பேர் விவாகரத்துச் சட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்துக் காப்பாற்றினார்கள். கருத்தடை பற்றிப் பிரசாரம் செய்வது 1971 வரை குற்றம். குடும்பத்தின் தலைவர் கணவர், மனைவி அவர் போகும் இடத்துக்குப் போய்க் குடியிருக்க வேண்டும் என்ற விதி 1975 வரை இருந்தது.

இன்னொன்று இருக்கு. பாலியல் வன்முறை செய்தவன் அந்தப் பெண்ணையே திருமணம் செய்துகொண்டால் குற்றம் அழிந்துவிடும் என்றது சட்டம். 1965 டிசம்பரில் சிசிலித் தீவின் ஆல்காமோ ஊரில் ஃப்ராங்கா வியோலா என்ற இளம்பெண்ணை ஒரு கும்பல் கடத்திப்போனது. ஊர் வழக்கப்படி அவர் அந்த ஆளைக் கட்டிக்கொண்டு ‘மானத்தை’ மீட்டிருக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றார். அவர் அப்பா கூட நின்றார். வழக்கு நடந்தது, குற்றவாளி சிறைக்குப் போனான். நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனாலும் அந்தச் சட்டப்பிரிவு நீங்க 1981 ஆனது.

இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு குண்டு கட்டிய கால் ஓவராகத் தெரியவில்லை. அந்த ஊரில் அந்த வருடத்தில் அது கிட்டத்தட்ட சட்டப்புத்தகத்தின் படவிளக்கம்.

அதே காலத்து மற்ற இத்தாலிய நாற்காலிகளோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியும். 1967இல் காற்றடைத்த பிளாஸ்டிக் நாற்காலி ‘ப்ளோ’ வந்தது. 1968இல் இன்று நாம் பீன் பேக் என்று சொல்லும் ‘சாக்கோ’ வந்தது. மூன்றுமே கால் இல்லாதவை, சட்டம் இல்லாதவை, புதிய பிளாஸ்டிக்கை வைத்துப் பழைய மரச்சாமானைக் கிண்டல் செய்தவை. முதல் இரண்டும் எப்படி உட்காரலாம் என்று பேசின. பெஷேயின் நாற்காலி யார்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டது.

1973இல் ஏன் நின்றது?

தயாரிப்பு 1973இல் நின்றுபோனது. ஏன்? இணையத்தில் பெரும்பாலான பக்கங்களில் ஒரே பதில்: ஃப்ரியான் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்து தடை வந்தது, அதனால் நிறுத்திவிட்டார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கு. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

சிஎஃப்சி ஓசோனை அழிக்கும் என்று மரியோ மொலீனாவும் ஷெர்வுட் ரோலண்டும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது 1974 ஜூனில். அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் அதைத் தடை செய்தது 1978. அண்டார்டிகாவின் மேலே ஓசோன் ஓட்டை இருப்பதை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தது 1985. மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987. 1973இல் நின்றுபோன ஒரு நாற்காலியை இவற்றில் எதுவும் நிறுத்தியிருக்க முடியாது. பின்னால் வந்த அறிவை முன்னால் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த வருடத்தில் நிஜமாகவே நடந்தவை வேறு. கசீனாவும் புஸ்னெல்லியும் பிரிந்தார்கள். கசீனாவின் பங்கை புஸ்னெல்லி வாங்க, ‘சி அண்ட் பி’ என்பது ‘பி அண்ட் பி இத்தாலியா’ ஆனது. அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. டிசம்பரில் இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. பாலியூரித்தேன் பிறப்பது எண்ணெயிலிருந்துதான். பிளாஸ்டிக்கை வைத்து விளையாடிய ஒரு காலம் மொத்தமாகவே அப்போது முடிந்துபோனது. ப்ளோவும் சாக்கோவும் அப்பும் பிறந்த அந்தத் துள்ளல் பிறகு திரும்பவில்லை.

ஓசோன் கதை முழுக்கத் தப்பும் இல்லை. அது பொருந்துவது நாற்காலி நின்றதற்கு இல்லை, திரும்பி வந்த விதத்துக்கு. 2000ஆம் ஆண்டில் பி அண்ட் பி இத்தாலியா இதை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குள் வளர்ந்த நாடுகளில் சிஎஃப்சி ஒழிந்திருந்தது. புதிய நாற்காலி வேறு வகை நுரையில் வார்க்கப்பட்டது. தட்டையாக வருவதில்லை, முழு உருவத்தோடு வண்டியில் வந்து இறங்குகிறது. பழைய வடிவம் அப்படியே இருக்கிறது. ஆனால் ‘அப்’ என்ற பெயருக்குக் காரணமான அந்த எழும்புதல் போய்விட்டது.

பழைய நாற்காலியின் உடம்பு

1969–73 காலத்து அசல் நாற்காலிகளும் அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன. சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லணும். மரநாற்காலிக்கு நூறு வயதானால் மெருகு கூடும். நுரைக்கு அப்படி இல்லை. பாலியூரித்தேன் நுரை வெளிச்சத்திலும் ஆக்ஸிஜனிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். மஞ்சளாகும், கெட்டிப்படும், கடைசியில் விரலால் அழுத்தினால் தூளாக உதிரும். வீட்டில் இருபது வருடப் பழைய ஸ்பாஞ்ச் மெத்தையைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அருங்காட்சியகங்களுக்கு இது பெரிய தலைவலி. ஓவியத்தையும் கல்லையும் மரத்தையும் காப்பாற்ற நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. நுரையைக் காப்பாற்றும் வழிகள் இன்னும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. வெளிச்சத்தைக் குறைக்கலாம், குளிர வைக்கலாம், ஆக்ஸிஜனைக் குறைக்கலாம். சிதைவைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. துணியை மாற்றி, நுரையை மாற்றினால் மிஞ்சுவது வடிவம் மட்டும்தான். அதற்குப் புதிய நாற்காலியே போதுமே என்ற கேள்வி வரும். சட்டமே இல்லாமல் வெறும் நுரையால் செய்த உடம்புக்கு இதுதான் விதி.

மிலான் சதுக்கத்தில் எட்டு மீட்டர்ப் பெண்

2019இல் நாற்காலிக்கு ஐம்பது வயது. அந்த ஏப்ரலில் மிலானின் பேராலயச் சதுக்கத்தில் பெஷே தன் நாற்காலியை எட்டு மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கி நிறுத்தினார். உடல் முழுக்க நூற்றுக்கணக்கில் அம்புகள். சுற்றிலும் கொடிய மிருகங்களின் தலைகள். காலில் அதே குண்டு. பெயர் ‘மயெஸ்தா சொஃபெரெந்தே’, துன்புறும் மாட்சி என்று சொல்லலாம். ஐம்பது வருடமாகியும் பெண்கள்மேல் வன்முறை நிற்கவில்லை என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

கைதட்டு வந்தது, எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர்கள் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ‘நோன் ஊனா தி மேனோ’ (இனி ஒருத்தியைக்கூட இழக்கமாட்டோம்) என்ற இத்தாலியப் பெண்ணிய இயக்கத்தினர் சதுக்கத்துக்கே வந்து போராடினார்கள். அவர்கள் வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வன்முறையைக் கண்டிக்கும் சிலையில் மறுபடியும் பெண்தான் அம்பு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள். அம்பு எய்த ஆண் எங்கே? அவனுக்குப் பதில் மிருகங்களைக் காட்டினால், ஏதோ காட்டில் நடப்பதுபோல் ஆகிவிடாதா? இந்தப் பெண்ணுக்குத் தலையில்லை, கையில்லை, வாயில்லை. நாற்காலி என்பது உட்கார்வதற்கான பொருள், பெண்ணைப் பொருளாக்காதே என்று சொல்ல இதுவா வழி?

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. பெஷேயின் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. பெண்களால் வளர்க்கப்பட்டவர், வாழ்க்கை முழுக்க இதையே பேசியவர். விவாகரத்துச் சட்டம்கூட இல்லாத நாட்டில், வசதியானவர்களின் வரவேற்பறைக்குள் இந்தப் பேச்சைக் கொண்டுபோய் வைத்தார். எழுத்தில் வந்தால் படிக்கமாட்டார்கள், நாற்காலியாக வந்தால் வீட்டுக்குள் விட்டுவிடுவார்கள். புத்திசாலித்தனமான உத்தி.

ஆனால் இந்த உத்திக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. நாற்காலி நன்றாக இருந்தால்தான் விற்கும். விற்கணும்னா உட்கார சுகமாக இருக்கணும். உட்கார்ந்த பலர் சொல்வது அது மிகவும் சுகமானது, யாரோ அணைத்துக்கொள்வதுபோல் இருக்கிறது என்று. சுகமாக உட்கார்ந்த ஒருவருக்கு, தான் உட்கார்ந்திருப்பது ஒரு கைதியின் மடியில் என்பது எத்தனை நாள் நினைவிருக்கும்? முதல் வாரம் விருந்தாளிக்குச் சொல்வார். பிறகு அது நம்ம வீட்டுச் சிவப்பு நாற்காலி, அவ்வளவுதான்.

பெஷே செய்ததை மூன்று பகுதிகள் கொண்ட ஒரு வாக்கியமாக நான் புரிந்துகொள்கிறேன். பெண்ணுடல் ஒன்று, அது கண்முன்னால் எழும் நிகழ்வு ஒன்று, காலில் கட்டிய குண்டு ஒன்று. உடலை மட்டும் வைத்தால் அது வழக்கமான ஆண் பார்வைதான், பெருத்த மார்பும் மடியும். பொருளைச் செய்வது ஆண், அதை அனுபவிப்பவரும் பெரும்பாலும் ஆண். அந்தப் பார்வையைக் குற்றம் சாட்டுபவை மற்ற இரண்டும். அது எழும்போது, இது உயிருள்ளது என்று ஒரு நொடியாவது தோன்றும். குண்டைப் பார்க்கும்போது, இது விருப்பத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரியும். எழும் நிகழ்வு 1973இல் போனது, 2000இல் திரும்பி வரவில்லை. மிஞ்சியிருப்பது குண்டு.

அந்தக் குண்டு இன்று என்னவாக இருக்கிறது? அதை இன்று விற்பது ‘ஓட்டோமன்’ என்ற பெயரில். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கும்போதும் நாற்காலி, ஓட்டோமன் என்றுதான் குறிக்கிறது. ஓட்டோமன் என்றால் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டி வைத்துக்கொள்ளும் திண்டு. பெயரில் தப்பு ஒன்றும் இல்லை, பெஷேயும் அதைக் கால் வைக்கத் தோதான அளவில்தான் செய்திருக்கிறார். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் மாலையில் வீட்டுக்கு வந்து அவள் மடியில் சாய்ந்து, அவள் காலில் கட்டிய குண்டின்மேல் தன் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். உட்காருவதற்கு அதுதான் வசதியான முறை.

பெஷே இதையும் யோசித்துத்தான் செய்தார் என்று ஒருவர் வாதாடலாம். அப்படி உட்காருபவரின் படமே அந்த நாற்காலி சொல்ல வந்த குற்றச்சாட்டின் முழுமையான வடிவம் என்று சொல்லலாம். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் அந்தப் படம் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும். 2019இல் சதுக்கத்தில் வந்து நின்ற பெண்கள் அப்படி எதிரில் நின்றவர்கள். அதனால் அவர்களைப் பெஷேயின் எதிரிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் 1969இல் தொடங்கிய பேச்சில், அதுவரை பேசாதிருந்தவர்கள் வந்து பேசினார்கள்.

அடுத்த முறை இந்த நாற்காலியின் படம் எங்காவது கண்ணில் பட்டால் முதலில் பந்தைப் பாருங்கள். கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். பல விளம்பரப் படங்களில் அது துணியின் நிறத்திலேயே கலந்து கிடக்கும், தேடினால்தான் தெரியும்.